பெரியவர்கள் சொல்லும் ஒற்றை வரிக்குப் பின்னால்

என் அத்தை எனக்கு அடிக்கடி சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "கோபத்தில் வாயைத் திறக்காதே." சிறுவயதில் கேட்டேன், வேலைக்குப் போன பிறகு கேட்டேன், திருமணத்துக்குப் பிறகும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். கோபத்தில் பேசக் கூடாது என்பது யாருக்குத்தான் தெரியாது?

அவருக்கு 84 வயதாகியிருந்தபோது ஒருநாள் மாலை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அதே வரி வந்தது. என்ன தோன்றியதோ, "அத்தை, நீங்கள் கோபத்தில் பேசி எதையாவது இழந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். கையிலிருந்த துண்டை மூன்றாக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

பள்ளிக் காலத்திலிருந்து கூடவே இருந்த ஒரு தோழி. ஏதோ ஒரு கைமாற்றுக் கடன். அதைப் பற்றிய பேச்சில், நாலு பேர் முன்னிலையில், அத்தை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதன் பிறகு 11 ஆண்டுகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டிருந்தது. நான் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் விளங்கவில்லை. கடைசியில் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் காட்டினேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கோபத்தில் சொன்னது மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டிருந்தது" என்றார்.

அந்த மாலைக்குப் பிறகு, எழுதி அனுப்பவிருந்த காரமான பதில்களை இரண்டு முறை அழித்திருக்கிறேன். இரண்டு முறையும் என்னைத் தடுத்தது முப்பது வருடங்களாகக் கேட்டு வந்த அந்த வரி இல்லை. அந்தக் காலண்டர் தாள்.

மூத்தவர்களின் அனுபவ அறிவு பற்றி இன்று நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டை மடித்த கைதான் நினைவுக்கு வருகிறது. பெரியவர்கள் நமக்குத் தருவது பெரும்பாலும் முடிவை மட்டும். அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த நிகழ்ச்சி அவர்களிடமே தங்கிவிடுகிறது. முடிவு எல்லோருக்கும் பொதுவானதாக, பழகிப்போனதாக இருக்கிறது. உழைப்பு வேண்டும், உடம்பைப் பார்த்துக்கொள், உறவுகளை விட்டுவிடாதே, எதற்கும் அவசரப்படாதே. எந்த மொழியில் எந்த முதியவரைக் கேட்டாலும் ஏறக்குறைய இவைதான் கிடைக்கும். இவற்றில் பொய்யென்று எதுவும் இல்லை. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு முனையும் இல்லை.

மூத்தோர் சொல் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்கிறது நம் பழமொழி. இதைப் பொதுவாக இளையவர்களைக் கண்டிக்கத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அதில் ஓர் உண்மையான கேள்வி ஒளிந்திருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே என்னதான் நடக்கிறது? கேட்டவரே அடிபடுகிறார். சொந்தமாக ஒரு நட்பை இழந்த பிறகு, அந்தப் பழைய வரி திடீரென்று பொருள் கொள்கிறது. அப்படியானால் அடிபடுவதற்கு முன்பே அந்தப் பொருளைக் கொண்டு சேர்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. ஒரு தீவின் மக்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு சொல்லில் அடங்கிய வரலாறு

இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு மேற்கே சிமெயுலுவே என்றொரு தீவு. 2004 டிசம்பர் 26 அன்று உண்டான பெரும் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த மனிதக் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. தரை ஆடிய சில நிமிடங்களிலேயே அந்தத் தீவை ஆழிப்பேரலை அடைந்தது. எச்சரிக்கைக் கருவி எதுவும் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் அறிவிப்பு வந்து சேர நேரம் இருந்திருக்காது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். எதிரே சுமத்ராவின் அச்சே பகுதியில் மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

வேறுபாட்டுக்குக் காரணம், அந்தத் தீவின் பேச்சில் ஆழிப்பேரலையைக் குறிக்கும் 'ஸ்மோங்' என்ற ஒரு சொல். 1907-இல் அதே தீவை ஒரு பேரலை தாக்கிப் பலரைக் கொண்டுபோனது. உயிர் தப்பியவர்கள் அதைக் கதையாக்கினார்கள், பாட்டாக்கினார்கள். தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடும், அதன் பின் கடல் உள்வாங்கும், அப்போது கரையில் கிடக்கும் மீனைப் பொறுக்கப் போகாதே, குன்றின் மேல் ஓடு. 97 ஆண்டுகள் கழித்து, 1907-ஐப் பார்த்திருந்தவர்கள் அநேகமாக ஒருவரும் உயிரோடு இல்லாத காலத்தில், யாரோ ஒருவர் "ஸ்மோங்!" என்று கத்தினார். தீவே மேட்டை நோக்கி ஓடியது.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். "எச்சரிக்கையாக இரு" என்று மட்டும் அந்தத் தாத்தாக்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்னவாகியிருக்கும்? அதுவும் நல்ல அறிவுரைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னதில் அடையாளம் இருந்தது, வரிசை இருந்தது, செய்யவேண்டிய காரியம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்துபோனவர்கள் இருந்தார்கள். பயம் கலந்த கதையாக வந்ததால்தான் அது மூன்று தலைமுறைகளைத் தாண்டியது.

ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் இதையே கல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள். இவாத்தே மாகாணத்தில் அனெயோஷி என்ற சிற்றூரில், 1933-ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பிறகு ஒரு கல் நடப்பட்டது. இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று அது சொல்கிறது. அந்த ஊர் மக்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். 2011 மார்ச் மாதம் வந்த அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. ஆனால் இது போன்ற கற்கள் அந்தக் கரை நெடுகிலும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பல ஊர்களில் காலப்போக்கில் மக்கள் கல்லைத் தாண்டிக் கீழே இறங்கி வீடு கட்டினார்கள். கல் அங்கேயேதான் இருந்தது. அதன் கதையைச் சொல்லும் ஆள்தான் இல்லாமல் போயிருந்தார்.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை யானைகளிடம் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். யானைக் கூட்டத்தை நடத்திச் செல்வது மூத்த பெண் யானை. 1993-இல் தான்சானியாவின் தாரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி. அங்கே கண்காணிக்கப்பட்டுவந்த கூட்டங்களில், வயதான தலைவிகளைக் கொண்டவை பூங்காவை விட்டு வெளியேறி வேறு நீர்நிலைகளைத் தேடிப் போயின. இளைய தலைவியின் கீழ் இருந்த கூட்டம் உள்ளேயே தங்கியது. அதிகக் கன்றுகளைப் பறிகொடுத்தது அதுதான். வெளியேறிய கூட்டங்களின் தலைவிகள், 1958 முதல் 1961 வரை நீடித்த முந்தைய பெருவறட்சியின்போது கன்றுகளாக இருந்திருக்கக்கூடிய வயதினர். தங்கிவிட்ட கூட்டத்தில் அந்த வயது யானைகள் ஏன் இல்லை என்றால், தந்தத்துக்காக அவை முன்பே வேட்டையாடப்பட்டுவிட்டன. ஒரு கிழட்டு யானையைக் கொன்றவன், பல வருடம் கழித்துப் பிறந்த கன்றுகளையும் சேர்த்தே கொன்றிருக்கிறான் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

வயதான மூளை எதில் தேர்ந்தது

முதுமை என்றாலே மறதி என்ற ஒரு பேச்சு நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அதில் பாதி உண்மை. ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர் ஜான் ஹார்னும் 1960-களில் அறிவாற்றலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். புதிய புதிரை வேகமாக அவிழ்க்கும் ஆற்றல் ஒன்று; அது இளமையிலேயே உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது. சேர்த்துவைத்த சொல், செய்தி, பழக்கம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் ஆற்றல் மற்றொன்று. அது வெகுகாலம் வளர்ந்துகொண்டே போகிறது. 2015-இல் வெளியான, ஏறத்தாழ 48,000 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில், சொல்வளம் அறுபது வயதைத் தாண்டியும் உயர்ந்ததைக் கண்டார்கள். பெயர் மறந்து தடுமாறும் தாத்தா, அடுத்த நிமிடமே மிகப் பொருத்தமான சொல்லை எடுத்துப் போடுவது இதனால்தான்.

மனிதர்களுக்கு இடையேயான சச்சரவுகளை எடைபோடுவதிலும் வயது கைகொடுக்கிறது. இகோர் கிராஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பல வயதினருக்கும் சண்டை சச்சரவுக் கதைகளைக் கொடுத்து, இனி என்ன நடக்கும் என்று கேட்டார்கள். அறுபதைக் கடந்தவர்கள்தான் இரண்டு தரப்பின் நியாயத்தையும் அதிகம் யோசித்தார்கள். சமரசத்துக்கு இடம் தேடினார்கள். தங்களுக்குத் தெரியாதது இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஐம்பது வருடங்களில் எத்தனை சண்டைகளின் முடிவைப் பார்த்திருப்பார்கள்! இளையவர் கண்ணுக்குத் தெரிவது சண்டை; முதியவருக்குத் தெரிவது அது முடிந்த விதம்.

ஆனால் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நரைத்த தலையெல்லாம் ஞானத்தலை ஆகிவிடுவதில்லை. பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பால் பால்டிஸ் தலைமையில் 1980-களிலிருந்து ஞானத்தை அளந்து பார்க்கும் ஆய்வுகள் நடந்தன. கடினமான வாழ்க்கைச் சிக்கல்களைக் கொடுத்து, பதில்களின் ஆழத்தை மதிப்பிட்டார்கள். இளமைப் பருவத்தைத் தாண்டிய பிறகு, வெறும் வயது கூடுவதால் மட்டும் மதிப்பெண் கூடவில்லை. அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும் குணம், பிறர் வாழ்க்கையில் அக்கறை, புதியதை ஏற்கும் மனம் ஆகியவை சேர்ந்தால்தான் கூடியது. அதே கிராஸ்மன், ஈதன் கிராஸுடன் சேர்ந்து 2014-இல் செய்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. மனிதர்கள் அடுத்தவர் பிரச்சினையைப் பற்றி யோசிக்கும்போது காட்டும் நிதானத்தைத் தம் சொந்தப் பிரச்சினையில் காட்டுவதில்லை. அறுபது முதல் எண்பது வயதினரிடமும் இந்த வேறுபாடு அப்படியே இருந்தது. ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து செய்துவைக்கும் பெரியவர் தன் மகனோடு பேசாமல் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காக அவர் நமக்குச் சொல்லும் யோசனையைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

அவர்கள் எதை நினைத்து வருந்துகிறார்கள்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுமையியல் ஆய்வாளர் கார்ல் பில்லெமர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் வாழ்க்கையில் கற்ற பாடங்களைக் கேட்டுத் தொகுத்தார். எதற்காக வருந்துகிறீர்கள் என்று கேட்டபோது, பெரிய தவறுகளையும் துரோகங்களையும் பற்றிய பதில்களை அவர் எதிர்பார்த்திருந்தார். திரும்பத் திரும்ப வந்த பதில் வேறு: தேவையில்லாமல் இவ்வளவு கவலைப்பட்டிருக்க வேண்டாம்.

இந்தப் பதிலை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கவலைப்படாதே என்பது மிகச் சுலபமாகச் சொல்லக்கூடிய வார்த்தை. யோசிக்க யோசிக்கத்தான் அதன் கனம் புரிந்தது. கவலைப்பட்டு விழித்திருந்த இரவு ஒவ்வொன்றும், அந்த நேரத்தில் ஏதோ ஒன்றைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருப்பதுபோலத்தான் நமக்குத் தோன்றுகிறது. எண்பது வயதில் திரும்பிப் பார்ப்பவருக்குக் கணக்கு முழுவதுமாகத் தெரிகிறது: பயந்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை, நடந்ததில் எதையாவது அந்தக் கவலை தடுத்ததா. இந்தக் கணக்கை நாற்பது வயதில் யாராலும் போட முடியாது. விடைகள் இன்னும் வந்து சேரவில்லை.

அதே நேரத்தில், இந்த அறிவுரை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல்லாண்டுகளாக நிறுவிவரும் கருத்து இது: முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்களின் நாட்டம் மாறுகிறது. புதிய அறிமுகங்கள், பதவி, நாளைய பயன் ஆகியவை பின்னுக்குப் போகின்றன. மனதுக்கு நெருக்கமானவர்கள் முன்னுக்கு வருகிறார்கள். இதற்கு உண்மையான காரணம் வயதல்ல, மீதமிருக்கும் காலம்தான். கடும் நோயால் காலம் சுருங்கிவிட்ட இளைஞர்களும் முதியவர்களைப் போலவே தேர்ந்தெடுத்ததை அவருடைய ஆய்வுகள் காட்டின. ஆகவே, "இதெல்லாம் ஒன்றுமில்லை, விட்டுவிடு" என்று தாத்தா சொல்வது அவருடைய இடத்தில் முழு உண்மை. நாற்பது வருட வாழ்க்கையைக் கட்டி எழுப்ப வேண்டிய பேத்திக்கு அதில் சிலவற்றை விட முடியாது. அவள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே எடுத்து நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனதைத் தின்னும் கவலையையும் நாளைக்கான ஏற்பாட்டையும் அவள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கார்னெலைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களின் நடுவில் கண்டது இதை இன்னும் துலக்குகிறது. அண்மைக் காலத்தை நினைக்கும்போது, செய்துவிட்ட காரியங்களுக்காக வருந்துகிறோம். மொத்த வாழ்க்கையையும் திரும்பிப் பார்க்கும்போது, செய்யாமல் விட்டதற்காகத்தான் அதிகம் வருந்துகிறோம். செய்த தவறுக்குப் பரிகாரம் தேட முடிகிறது, மன்னிப்புக் கேட்க முடிகிறது, அதிலிருந்தும் ஏதோ கற்றோம் என்று தேற்றிக்கொள்ள முடிகிறது. செய்யாமல் விட்டதற்கு எல்லையே இல்லை. என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று கற்பனை வளர்ந்துகொண்டே போகிறது. படிக்காத படிப்பு, போகாத பயணம், சொல்லாத அன்பு. முதியவர்களின் பேச்சில் இவை அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம். என் அத்தையும்கூட, சொன்ன அந்த ஒரு வார்த்தையைவிட, போய்ப் பார்க்காமல் விட்ட 11 ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

உறவுகளைப் பற்றிய அவர்களின் வற்புறுத்தலுக்கு நீண்டகாலச் சான்றும் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கி இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஆய்வு, 724 ஆண்களின் வாழ்க்கையை இளமையிலிருந்து தொடர்ந்து பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் பாஸ்டனின் ஏழைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். எண்பது வயதில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை, ஐம்பது வயதில் அவர்களின் இரத்தக் கொழுப்பு அளவைவிட, உறவுகளில் அவர்கள் கொண்டிருந்த நிறைவு நன்றாக முன்கூட்டிச் சொன்னது என்கிறார் இப்போதைய இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். தொடக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையின ஆண்கள் என்பது அந்த ஆய்வின் குறை. இருந்தாலும், பாட்டிகள் சொல்லிவந்ததை இத்தனை ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்து சரிபார்த்ததற்காக அந்த ஆய்வாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எதை எடுத்துக்கொள்வது

மூத்தவர்களின் கதைகளிலும் கவனிக்க வேண்டிய ஓட்டைகள் உண்டு. துணிந்து வேலையை விட்டேன், நன்றாக வந்தேன் என்று சொல்பவர் நம் முன்னால் இருக்கிறார். அப்படியே துணிந்து நொடித்துப் போனவர் நமக்குக் கதை சொல்ல வருவதில்லை. பிழைத்தவரின் கதையை மட்டும் கேட்டு வழி தேர்ந்தெடுப்பது ஆபத்து. நினைவும் பதிவுக் கருவிபோல வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் மாறுகிறது. பத்து வயது முதல் முப்பது வயது வரையான நிகழ்ச்சிகள் பிற்கால நினைவில் மற்ற காலங்களைவிட அடர்த்தியாக நிற்கின்றன என்பதும் நன்கு அறியப்பட்ட செய்தி. அதனால் அந்தக் காலமே பொற்காலம் என்று தோன்றுவது இயல்பு.

நான் பயன்படுத்தும் உரைகல் ஒன்றுதான். இந்தப் பாடம் உருவான காலத்துக்கும் இன்றைக்கும் இடையே மாறாமல் இருப்பது என்ன? சிமெயுலுவேயின் பாடம் 97 ஆண்டுகளுக்குப் பிறகும் பலித்தது; ஏனென்றால் கடல் மாறவில்லை. ஒரே நிறுவனத்தில் கடைசிவரை இரு என்ற பாடம் பலிக்காமல் போகலாம். ஏனென்றால் நிறுவனங்கள் மாறிவிட்டன. எந்தத் தொழிலைப் படிக்கலாம், எந்தக் கருவியை வாங்கலாம் என்பதில் பெரியவர்களின் சொல்லுக்கு நான் அதிகம் காது கொடுப்பதில்லை. நோயாளியின் பக்கத்தில் எப்படி உட்காருவது, துக்கம் நடந்த வீட்டில் என்ன பேசக் கூடாது, உடைந்த உறவை எப்போது ஒட்டலாம், உடம்பு தளரும்போது எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்பனவற்றில் அவர்களைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைத்ததில்லை.

கேட்கும் முறை

முதியவர்கள் பழைய கதை பேசினால், ஒருகாலத்தில் மருத்துவர்களே அதை மூளைத் தளர்ச்சியின் அறிகுறியாகப் பார்த்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் இதை மறுத்தார். வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அடுக்கிவைப்பது முதுமையின் இயல்பான, அவசியமான வேலை என்றார். முடிவு நெருங்குவதை உணரும் மனம், தீராத கணக்குகளை எடுத்துப் பார்க்கிறது. சிலவற்றோடு சமாதானம் ஆகிறது. முதியோர் மீதான பாகுபாட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று புழங்கும் சொல்லை 1969-இல் உருவாக்கியவரும் அவரே. அவருடைய கருத்துக்குப் பிறகுதான், பழைய நினைவுகளைச் சொல்லவைப்பது முதியோர் பராமரிப்பின் ஒரு முறையாகவே வளர்ந்தது. எனவே நாம் உட்கார்ந்து கேட்கும்போது, நமக்கு மட்டும் பயன் கிடைக்கிறது என்று எண்ண வேண்டாம். சொல்பவருக்கும் ஒரு பாரம் இறங்குகிறது.

எப்படிக் கேட்பது? "வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால் காலண்டரில் அச்சிட்ட பொன்மொழிதான் கிடைக்கும். அது அவர்கள் தவறு இல்லை, கேள்வியின் தவறு. குறிப்பிட்ட ஒரு நாளைக் கேட்க வேண்டும். முதல் சம்பளம் கைக்கு வந்த நாளில் என்ன செய்தீர்கள்? நீங்கள் எடுத்த முடிவுகளில், எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் எடுத்தது எது? யாரிடமாவது மன்னிப்புக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதுண்டா? என் வயதில் நீங்கள் எதற்குப் பயந்தீர்கள், அது நடந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டதும் அநேகமாக எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள்.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கடினம். பதிலுக்கு முன் வரும் மௌனத்தை நாம் பொறுக்க மாட்டாமல் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். துண்டை இரண்டாம் முறை மடிக்கும் நேரத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சொன்ன கதையையே மறுபடி சொன்னால், "இதைத்தான் முன்பே சொன்னீர்களே" என்று வெட்டக் கூடாது. இரண்டாம் முறையில், முதல் முறை விடுபட்ட ஆள் ஒருவர் கதைக்குள் வந்துவிடுவார். அதேபோல, சில கதவுகளைத் தட்டவே கூடாது. போர், வன்முறை, பிள்ளையைப் பறிகொடுத்தது போன்றவற்றைத் தாமாகச் சொன்னால் கேட்கலாம். தோண்டி எடுக்க நமக்கு உரிமை இல்லை.

முடிந்தால் குரலைப் பதிவுசெய்து வையுங்கள், அவர்களுடைய சம்மதத்தோடு. 2003-இல் நியூயார்க்கின் ரயில் நிலையம் ஒன்றில் ஒரு சிறு ஒலிப்பதிவு அறையோடு தொடங்கிய 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்ற முயற்சி, தெரிந்த இருவரை எதிரெதிரே உட்கார வைத்து 40 நிமிடம் பேசவிடுகிறது. பதிவின் பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கும் போகிறது. நமக்கு அறையும் நூலகமும் தேவையில்லை. கையில் இருக்கும் செல்போனும் அரை மணி நேர அமைதியும் போதும். தேதியையும் பேசியவரின் பெயரையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பின்னால் தேடுபவர்களுக்கு உதவும்.

அத்தையின் குரலை நான் அப்படித்தான் பதிவுசெய்தேன், அந்த மாலைக்குச் சில வாரங்கள் கழித்து. தோழியின் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னேன். முதல் முறை கேட்காமல் விட்டதை இந்த முறை கேட்டேன்: "அந்தத் தாளில் என்ன எழுதினீர்கள் அத்தை?"

"இரண்டே வார்த்தை. 'தப்பு என்னுடையது.'"

"அவர் என்ன செய்தார்?"

பதிவில் இங்கே நீண்ட மௌனம் இருக்கிறது. தூரத்தில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்கிறது. பிறகு அத்தையின் குரல் வருகிறது: "பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். அதற்குக் கீழே 'தெரியும், உட்கார்' என்று எழுதினாள்."